வியாழனா சனியா

பாஸு எங்கிட்ட இல்ல மதினி. பாஸு இருந்தா நான் எதுக்கு இந்தப் படிக்கட்டு ஓரத்துல பேப்பர விரிச்சு உக்காந்திருக்கேன்? ஒரு கட்டிலுக்கு ஒரு பாஸுதான் குடுப்பாகளாம். அந்த ஒண்ண எம் மக யாருகிட்டக் குடுத்திருக்கா தெரியுமா? மாமியாகிட்ட. பெத்தவ வெளிய, மாமியா உள்ள. இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில எங்கயாச்சும் இப்படிப் பாத்திருக்கீகளா?

உங்களுக்கு யாரு, மருமகளா? தலப்பிரசவமா. சரி சரி, நல்லபடியா ஆகும், கவலப்படாதீக. நீங்க சாத்தூர்ப் பக்கமா? பேச்சு அப்படித் தெரியுது. நம்ம பக்கந்தான்.

நான் வந்து இன்னையோட அஞ்சு நாளாச்சு. காலையில ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன், பாக்குற நேரம் முடிஞ்சு மணியடிச்சதும் போறேன். ஊருல மாவு அரைச்சுக் குடுக்குறேன் மதினி, வீட்டோட கிரைண்டர் போட்டிருக்கேன். அஞ்சு நாளா அது சும்மா கெடக்கு. வாடிக்கைக்காரவுக எல்லாம் வேற எடம் தேடியிருப்பாக. போகட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இவளுக்கு வலி கண்டு உள்ள கூட்டிட்டுப் போகுறதுக்கு முன்னாடி, என்னைய ஒரு தடவ 'உள்ள வா'ன்னு சொல்லணும். அவ கையப் புடிச்சுக்கிட்டு நான் நிக்கணும். பிரசவத்துக்குத் துணைக்கு ஒரு பொம்பள இருக்கலாம்னு இப்ப சட்டம் போட்டுருக்காகளாம்ல? அந்த ஒரு பொம்பள நானா இருக்கணும். அம்புட்டுத்தான். காளீஸ்வரின்னு பேரு. எனக்குக் கடைசி மக.

எங்க தெருவுல எவ பிள்ளத்தாச்சியா இருந்தாலும் மொதல்ல இந்தப் பஞ்சவர்ணத்துகிட்டத்தான் வந்து கேப்பாக. வாந்தி நிக்கலையா, எங்கிட்ட வருவாக. கால் வீங்குதா, எங்கிட்ட வருவாக. ஏன்னா நான் நாலு பெத்தவ. நாலுல ரெண்டுதான் நெலச்சுச்சு, அது வேற விசயம். பெத்தது நாலு. எனக்குத் தெரியாததா ஸ்கூட்டியில வந்து எறங்குற சின்ன நர்ஸுப் பிள்ளைக்குத் தெரிஞ்சிரப் போகுது?

அதத்தான் சொல்ல வாரேன். இவளுக்கு இது ரெண்டாவது. மொதப் பிள்ளைக்கு எங்கிட்டத்தான் வந்தா. ஒம்பதாம் மாசம் ஊரக் கூட்டி வளைகாப்பு போட்டு, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கி, கூட்டியாந்தேன். என்ன கொறை வச்சேன்? பழைய வேட்டிய எல்லாம் கிழிச்சு வெந்நியில அலசி வெயில்ல காயப் போட்டு மடிச்சு வச்சேன். பெத்த ஒடம்புக்குக் குடுக்குற மருந்துக்குச் சுக்கு, மெளகு, திப்பிலின்னு வாங்கி இடிச்சு டப்பாவுல அடைச்சேன். பூண்ட வாரத்துக்குக் கால் கிலோ உரிச்சேன். இந்த நகத்தப் பாருங்க, அப்ப எரிஞ்ச எரிச்சலு. பிள்ளைக்கு மட்டும் ஒரு துணி கூட வாங்கல. பெறக்காத பிள்ளைக்குத் துணி வாங்கக் கூடாதுல்ல. எது எது ஆகும், எது எது ஆகாதுன்னு பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன்.

இந்த வீடு வீடா வார நர்ஸு இருக்கே, ஸ்கூட்டிப் பிள்ள, அது வந்து இவளுக்கு ஒரு வேலையக் குடுத்துட்டுப் போச்சு. மூணு வேளையும் சாப்பிட்டதும் எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, பிள்ள எத்தன தடவ உதைக்குதுன்னு எண்ணணுமாம். கொறைஞ்சாப் போன் போடணுமாம். இவ என்ன செஞ்சா? ஒரு உதைக்கு ஒரு வளையல். எடது கையில இருந்து உருவி வலது கையில போட்டுக்குவா. எண்ணிக்க மறந்துருமாம், அதுக்காக. பன்னெண்டாப்பு படிச்ச மூளை.

எனக்கு இது மொதல்ல தெரியாது. ஒரு நாள் வெளக்கு வைக்கிற நேரம், சாம்பிராணியத் தூக்கிக்கிட்டு உள்ள போறேன், இவ படுத்திருக்கா, எடது கை மொட்டையா இருக்கு மதினி. ஒரு வளையல் இல்ல. புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், வயித்துல பிள்ள இருக்கு, வளைகாப்பு வளையலக் கழட்டி வெறுங்கையோட கெடக்காளே, இவளுக்கு என்ன கிறுக்கான்னு கத்திப்புட்டேன். "அம்மா, எண்றேன்மா, இப்பத்தான் பத்து ஆச்சு"ங்கா. சிரிக்கிறா வேற. சந்தோசமாத்தான் இருந்தா.

நான் விடல. எல்லா வளையலையும் திருப்பிப் போட்டு, மஞ்சக் கயித்தால ரெண்டு கையிலயும் சேத்து எறுக்கிக் கட்டிட்டேன். கழட்ட முடியாதபடிக்கு. "அப்ப எப்படிம்மா எண்றது?"ன்னு கேட்டா. "எதுக்குடி எண்ணணும்? நாங்கள்லாம் எண்ணியா பெத்தோம்? பெத்தவளே எண்ணிக்கிட்டுக் கெடந்தா அதுதான்டி மொதக் கண்ணேறு"ன்னேன். மொகம் சுண்டிப்போச்சு. ஆனா எதுத்துப் பேச மாட்டா எம் மக, அந்த வளப்பு. அதோட எண்றத விட்டுட்டா.

அது திங்கக்கிழம. வியாழக்கிழம சாயந்தரம் நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னா. "அம்மா, மத்தியானத்துல இருந்து அசையலம்மா"ன்னா.

நான் திரும்பிக்கூடப் பாக்கல, கையில வேலை. "தல எறங்கிருக்கும்டி. மாசம் முடிஞ்சாப் பிள்ளைக்கு எடம் பத்தாது, எப்படி அசையும்? இனி வலிதான்"னேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்தேன். குடிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வாரா. "இன்னமும் இல்லம்மா. நர்ஸக்காவுக்குப் போன் போடவா?" நான் சொன்னேன், "போடு. போட்டா உடனே கெளம்பி வாம்பாக. போனா வலியே வராம கத்திய வச்சுக் கிழிச்சிருவாக. சொகப்பிரசவம் ஆகுற ஒடம்பு உனக்கு, கெடுத்துக்காதே"ன்னு. போன வாங்கி அடுக்களை அலமாரியில வச்சேன். அவ நல்லதுக்குத்தானே? நீங்களே சொல்லுங்க, உங்களுக்கும் தெரியும்ல, பிரசவம் நெருங்குனாப் பிள்ள அசையிறது கொறையத்தானே செய்யும்?

கொறையாதா? யாரு சொன்னா? உங்க மருமகளுக்குச் சொல்லியிருக்காகளா. சரி, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக.

மறுநா வெள்ளிக்கிழம. வெள்ளிக்கிழம வீட்டுப் பொண்ண வாசப்படி தாண்டி அனுப்புவமா மதினி? அதுவும் நெறமாசக்காரிய. ஒரு நாள் பொறுத்துக்கடா, நாளைக்கு விடிஞ்சதும் போவோம்னு சொன்னேன். அன்னைக்குப் பூரா அவ கட்டில்ல உக்காந்தது உக்காந்தபடி. ரெண்டு கையாலயும் வயித்தத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு, என்னமோ தூரத்துல பேசுறதக் காது குடுத்துக் கேக்குற மாதிரி உக்காந்திருந்தா. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நானும் போயி வயித்துல கைய வச்சுப் பாத்தேன். "இந்தா அசையுதுல்ல"ன்னேன். அசைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு. எங்கையிதான் நடுங்குச்சோ என்னமோ.

சனிக்கிழம காலையில ஆட்டோ புடிச்சுப் போனோம். இந்த ஆஸ்பத்திரி இல்ல, அது வேற. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், வயித்துல கருவிய வச்சு இங்கிட்டும் அங்கிட்டும் நகட்டுறாக, நகட்டுறாக, சத்தமே வரல. அடுத்த கட்டில்ல வச்சாக, குதிர ஓடுற மாதிரி டக்கு டக்குன்னு கேக்குது. இவ வயித்துல ஒண்ணும் இல்ல. டாக்டரம்மா மொகம் மாறிப்போச்சு. "எப்ப இருந்து அசையல?"ன்னு கேட்டாக பாருங்க ஒரு கேள்வி, போலீசு கேக்குற மாதிரி. நாலு நர்ஸு சுத்தி நிக்கிறாக. எல்லாக் கண்ணும் எம்மேல இருக்கு.

நான்தான் பதில் சொன்னேன். "காலையில வரைக்கும் நல்லா அசைஞ்சுச்சும்மா"ன்னேன். வாய் தானா சொல்லிருச்சு மதினி. பயத்துல எது வரும்? அவுக எழுதிக்கிட்டாக. காளீஸ்வரி படுத்தபடிக்கே தலையத் திருப்பி என்னையப் பாத்தா. பாத்தா, அம்புட்டுத்தான்.

செத்த பிள்ளைக்கும் வலி வந்துதானே ஆகணும். ஊசி போட்டு வலி வர வச்சாக. பகல் பூரா. பக்கத்துக் கட்டில்ல எல்லாம் அம்மா அம்மான்னு கத்துறாளுக, இவ பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா. ஆம்பளப் பிள்ள. தல முடி நெத்தி வரைக்கும் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரு சாடை. துணியில சுத்தி எங்கையிலதான் குடுத்தாக. நான் கிழிச்சு வச்ச வேட்டித் துணிதான். அந்த நர்ஸு ஒருத்தி பிள்ளையப் பாத்துட்டு, உசுரு போயி ஒரு நாளுக்கு மேல இருக்கும் போலயேன்னு பக்கத்துல நின்னவகிட்டச் சொன்னா. அது எப்படித் தெரியுமோ இவுகளுக்கு. வாய்க்கு வந்ததச் சொல்றது.

மூணாம் நாள் பால் கட்டிக்கிச்சு. ஒடம்புக்கு என்ன தெரியும், பிள்ள இருக்கா இல்லையான்னு. கல்லு மாதிரி ஆயிருச்சு, காய்ச்சல் வேற. பால் வத்துறதுக்கு மல்லியப்பூ வச்சுக் கட்டுவோம்ல, நானே போயி மல்லி வாங்கியாந்து கட்டினேன். வீடு பூரா மல்லி வாசம், கலியாண வீடு மாதிரி. அப்பத்தான் அவ வாயத் தொறந்தா. "ஏம்மா அப்படிச் சொன்னே?"ன்னா. "எதடி சொன்னேன்?"னு கேட்டேன். தல எறங்கிருச்சுன்னு சொன்னதக் கேக்குறான்னு நெனச்சேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா. அதுதான் எங்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. ரெண்டு வருசம் ஆச்சு.

சம்பந்தக்காரி வந்தா. குருவம்மான்னு பேரு, இப்ப உள்ள உக்காந்திருக்காளே அவதான். வாசல்ல வச்சே கேட்டா, "ஏன் சம்பந்தி, பிள்ள அசையாம இருந்தது ஒருத்தருக்குமா தெரியல?"ன்னு. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே சம்பந்தி, சொல்லியிருந்தா விட்டிருப்பேனா"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதேன். வேற என்னத்தச் சொல்ல? சம்பந்தி வீட்டுல நாம தலை நிமிந்து நிக்கணும்ல. அவ எம் மகதானே, நாளைக்கு அவளே சரி பண்ணிக்குவான்னு நெனச்சேன்.

குருவம்மா நேரா உள்ள போயி இவள ஏசுனா. "வாயத் தொறந்து சொல்றதுக்கு உனக்கு என்னடி கேடு? எம் பேரன வாரிக் குடுத்துட்டியே"ன்னு. எம் மக ஒரு பதில் பேசல. நான் அடுக்களையில இருந்தேன். நான் என்னன்னு குறுக்க போறது? அந்தப் பேச்ச அவ புகுந்த வீட்டுல ரொம்ப நாளு கேட்டாளாம். கவனமில்லாதவ, வயித்துப் பிள்ளையப் பாத்துக்கத் தெரியாதவன்னு. கேள்விப்படும்போது எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனாப் பாருங்க, ஏசுனவளோட சேந்துக்கிட்டா. ஆசையா வளத்தவள ஒதுக்கிட்டா. இது எந்த ஊரு நியாயம்?

இந்தப் பிள்ள உண்டானதக் கூட எனக்கு ஊருல ஒருத்தி சொல்லித்தான் தெரியும். வளைகாப்பே வேண்டாம்னுட்டாளாம். வலியே வரல, இன்னும் நாள் கெடக்கு, அதுக்குள்ள டாக்டருகிட்டக் கேட்டு இங்க வந்து படுத்துக்கிட்டா. ஒரு நோட்டு வச்சிருக்காளாம். பிள்ள உதைக்க உதைக்கக் கோடு போடுறாளாம். கோடு ஒண்ணு கொறைஞ்சா குருவம்மா எந்திரிச்சு ஓடிப் போயி சிஸ்டரக் கூட்டியாந்துருவாளாம். ஒரு நாளைக்கு நாலு தடவ ஓடுறாளாம், வாசல்ல நிக்கிற ஆயா சொல்லிச் சிரிக்கிது. எனக்கும் சிரிப்பாத்தான் இருக்கு. அந்தப் பொம்பளைக்கு மூட்டு வலி வேற.

இருங்க மதினி, சிஸ்டரு வாராக. இங்கிட்டுத்தான் வாராக.

நான்தாம்மா. நான்தான் காளீஸ்வரி அம்மா. என்னம்மா, கூப்புடுறாளா? உள்ள வரவா?

இல்லையா. சொல்லுங்க. மொதப் பிரசவமா? ஆமாம்மா, எங்க வீட்டுலதான் இருந்தா, நான்தான் கூட இருந்தேன். என்ன சீட்டு? அந்த ஆஸ்பத்திரிச் சீட்டா. ஓ. அதுல சனிக்கிழம காலையில வரைக்கும் அசைவு இருந்துச்சுன்னு போட்டிருக்கா. இவ என்ன சொல்றா? வியாழக்கிழம மத்தியானமே நின்னுருச்சுங்கிறாளா.

எது சரின்னு டாக்டருக்குத் தெரியணுமா. இத வச்சுத்தான் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யணும்னு பாப்பாகளா. என்னது? அவளேவா? "எங்கம்மா வெளிய உக்காந்திருக்கும், அதுகிட்டயே கேட்டு எழுதிக்கங்க"ன்னாளா?

சனிக்கிழமதாம்மா.

ஆமாம்மா, நல்லாத் தெரியும். சீட்டுல இருக்குறதுதான் சரி. அவளுக்கு அப்ப நெனவே சரியா இல்ல, நாள் கெழம எங்க தெரியும்? எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? எழுதிக்கங்கம்மா. சரிம்மா.

போயிட்டாக.

என்ன மதினி அப்படிப் பாக்குறீக? வியாழக்கிழமன்னு சொல்லியிருக்கணுமா? சொன்னா அடுத்தாப்புல கேப்பாகள்ல, வியாழக்கிழம சொன்னவள சனிக்கிழம வரைக்கும் வீட்டுல வச்சிருந்தது யாருன்னு. அதுக்கு நான் என்ன சொல்லுவேன்? அந்தப் பிள்ள திரும்பி வந்துருமா? நீங்க பேசாம என்னைய அப்படிப் பாக்காதீக. உங்ககிட்ட மனசு விட்டுச் சொன்னேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.

ஆனா ஒண்ணு கவனிச்சீகளா? "எங்கம்மா வெளிய உக்காந்திருக்கும்"னு சொல்லியிருக்கா. அஞ்சு நாளா நான் இங்க இருக்கிறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கம்மான்னு சொல்லியிருக்கா மதினி. ரெண்டு வருசத்துல இப்பத்தான் எம் பேச்சு அவ வாயில வந்திருக்கு. அவளாத்தான் என்னையக் கேக்கச் சொல்லி அனுப்பியிருக்கா.

மதினி, அந்த சிஸ்டரு வரும்போது கதவச் சாத்திட்டா வந்தாக? அவ கட்டிலு கதவ ஒட்டித்தான் இருக்குன்னு ஆயா சொல்லுச்சு. நான் சிஸ்டரு கையில இருந்த பேனாவையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன், கதவப் பாக்கல. நீங்க அங்கிட்டுப் பாத்துத்தானே உக்காந்திருக்கீக. சொல்லுங்க மதினி. கதவு சாத்தித்தானே இருந்துச்சு?